மரம் யாருக்குச் சொந்தம்?

தன் நிலத்தில் தானாக முளைத்து, தன் கண் முன்னே வளர்ந்து, தன் வீட்டுக் கூரைக்கு மேலே நிழல் பரப்பி நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு ஒரு மனிதன் இன்னொருவரிடம் போய் அனுமதி கேட்க வேண்டுமா? சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும். கொல்லையில் நின்ற முருங்கையையும் வேம்பையும் வெட்டுவதற்கு நாம் யாரைக் கேட்டோம்? அதிகம் போனால் வீட்டிலிருந்த பாட்டியைக் கேட்டிருப்போம். "வெள்ளிக்கிழமையில் வேண்டாம்" என்று அவள் சொல்லியிருப்பாள். அதோடு சரி.

மலையில் அப்படி இல்லை. சேர்வராயன் மலைத் தொடரில், ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏற்காட்டுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் ஸீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; நாகலூர்ப் பக்கம் போகிறவர்கள் குறைவு. போனால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் பாதையும், காப்பிச் செடிக்கு நிழல் தரும் பெரிய மரங்களும், மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக் கொடியும், இடையிடையே மலையாளி என்று பெயர் பெற்ற மலைக்குடி மக்களின் வீடுகளும் தென்படும். (அவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்லுகிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை.) அங்கே, சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் நினைத்த நேரத்தில் கோடரி வைத்துவிட முடியாது. 1955ஆம் ஆண்டில் பிறந்த மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

அந்தச் சட்டம் சொல்வது சுருக்கமானது. குறிப்பிட்ட மலைப் பகுதிகளில் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட ஒரு கமிட்டி இருக்கும். அந்தக் கமிட்டியின் முன் அனுமதி இல்லாமல் யாரும் மரத்தை வெட்டவோ, வேரோடு பிடுங்கவோ, எரிக்கவோ கூடாது. மலைச் சரிவைப் புதிதாகத் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். இதற்கு மூத்த சட்டமும் ஒன்று உண்டு. 1949இல் தனியார் காடுகளைக் காப்பாற்றுவதற்காகச் சென்னை ராஜதானியில் ஒரு சட்டம் வந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருந்த காலம் அது. நாளைக்குக் கையை விட்டுப் போகப்போகிற காட்டை இன்றைக்கே காசாக்கிக்கொள்ள வேண்டும் என்று காட்டுச் சொந்தக்காரனுக்குத் தோன்றுவது இயல்புதானே? போகிற பொருளின் மீது மனிதனுக்கு இரக்கம் இருப்பதில்லை.

சட்டத்தைக் கேட்டவுடன் எழும் முதல் உணர்ச்சி கோபம். "என் நிலம், என் மரம், நான் வரி கட்டுகிறேன். சேலத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இதில் என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டால், அவரைச் சுயநலக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. சுதந்திரம் என்ற சொல்லுக்குச் சாதாரண மனிதன் கொடுக்கும் முதல் பொருளே, தன் வேலிக்குள் தன் இஷ்டப்படி நடப்பதுதான். அந்தக் கோபத்துக்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் "காடு வளர்ப்போம்" என்று கோஷம் போடுவது நாணயமான காரியமாகாது.

பதிலைத் தண்ணீரிலிருந்து தொடங்கலாம். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது? ஒரு பக்கத்தில் திருமணிமுத்தாறாகி, சேலம் நகரத்தின் நடுவே ஓடிக் காவிரியில் சேருகிறது. இன்னொரு பக்கத்தில் வாணியாறாகித் தருமபுரிச் சீமைக்கு இறங்கித் தென்பெண்ணையைத் தேடிப் போகிறது. மரத்தின் தழை மழையின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. கீழே கிடக்கும் சருகு பஞ்சு போல் நீரைக் குடிக்கிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. மரம் போன சரிவில் அதே மழை ஒரே மணி நேரத்தில் மண்ணையும் அள்ளிக்கொண்டு இறங்கிவிடும். மழைக்காலத்தில் வெள்ளம், கோடைக்காலத்தில் வறண்ட ஊற்று. ஆகவே நாகலூரில் ஒருவர் வெட்டும் மரத்தின் விறகு அவருக்குச் சொந்தம். அந்த மரம் பிடித்து வைத்திருந்த நீரில் மட்டும், அவர் முகத்தையே பார்த்திராத யாரோ ஒரு சேலத்துக்காரருக்கும் பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிக்கும் பங்கு இருக்கிறது. வேலிக்குள் நிற்கும் பொருள்தான். பயன் வேலிக்குள் நிற்கவில்லை.

இது ஒரு நல்ல வாதம். ஆனால் முழுமையான வாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் இப்படிப் பார்த்தால் நாம் செய்கிற எந்தக் காரியந்தான் அடுத்தவரைத் தொடவில்லை? நான் வீட்டில் உரக்கப் பாடினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடுகிறது. அதற்காகப் பாடுவதற்கு முன் கமிட்டிக்கு மனுப் போட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. மரத்துக்கு மட்டும் ஏன் முன் அனுமதி?

இங்கேதான் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு சட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். மலை மரச் சட்டம் வந்த மறு ஆண்டு, 1956இல், இந்து மைனர், கார்டியன் சட்டம் வந்தது. மைனரான குழந்தையின் பெயரில் வீடோ நிலமோ இருந்தால், பெற்ற தகப்பனே ஆனாலும் அதைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். கோர்ட்டும் சும்மா அனுமதித்துவிடாது. தவிர்க்க முடியாத அவசியமா, அல்லது குழந்தைக்குக் கண்கூடான நன்மை உண்டா என்று கேட்கும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் உத்தரவு.

இதை எந்தத் தகப்பனும் தனக்கு நேர்ந்த அவமானமாக நினைப்பதில்லை. "என் பிள்ளை சொத்தை நான் விற்க ஜட்ஜைக் கேட்க வேண்டுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டாலும், நியாயம் அவருக்குப் புரிகிறது. பேசத் தெரியாத ஒரு பங்காளி இருக்கிறான். அவன் வளர்ந்து கேள்வி கேட்கும் காலத்தில் சொத்து திரும்பி வராது. ஆகவே அவன் சார்பில் இன்னொருவர் ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

மலையில் நிற்கும் பெரிய மரம் இந்த வகைச் சொத்து. அதிலே இன்னும் பிறக்காதவர்களுக்குப் பங்கு இருக்கிறது. அவர்கள் மைனர்களிலும் மைனர்கள். அழுது கேட்கக்கூடத் தெரியாதவர்கள். நூறு ஆண்டு நின்ற நாவல் மரத்தை இயந்திர ரம்பம் ஒரு பிற்பகலில் சாய்த்துவிடும். தவறு செய்துவிட்டோம் என்று மறுநாள் காலையில் தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. பணத்தை இழந்தால் சம்பாதிக்கலாம். வீடு இடிந்தால் கட்டலாம். நூறு ஆண்டு மரத்தைத் திரும்பப் பெற நூறு ஆண்டு வேண்டும். வெட்டினவனுக்கும் அனுமதி கொடுத்தவனுக்கும் அவ்வளவு ஆயுள் கிடையாது. திரும்பப் பெற முடியாத காரியத்துக்கு முன்னால் இரண்டாவது மனிதர் ஒருவரைக் கேட்டுக்கொள் என்பதே அனுமதிச் சட்டத்தின் நியாயம். பாட்டி சொன்ன "வெள்ளிக்கிழமையில் வேண்டாம்" என்பதற்கும் இதுதான் உட்பொருளோ என்னவோ. சனிக்கிழமை வருவதற்குள் சில சமயம் மனிதனுக்கு மனம் மாறிவிடுகிறது.

இது நம் நாட்டுச் சர்க்கார் கண்டுபிடித்த தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தை ஒட்டி, சொந்தத் தோட்டத்து மரத்துக்கும் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உள்ளூர் மன்றங்களுக்கு வந்தது. ஆணைக்கு உட்பட்ட மரத்தின் கிளையைக் கழிப்பதற்குக்கூட மனுக் கொடுக்க வேண்டும். பட்டுப்போன மரத்துக்கு விலக்கு உண்டு. தலையில் விழப்போகிற மரத்துக்கும் உண்டு. ஆனால் அகற்றிய இடத்தில் வேறொரு மரம் நடும் கடமை பெரும்பாலும் பின்னாலேயே வந்து சேரும். அதற்கு வெகு காலத்துக்கு முன்பே நம் சிற்ப சாஸ்திரக்காரர்களும் ஒரு வகை அனுமதியை வைத்திருந்தார்கள். விக்கிரகத்துக்கு மரம் தேடிக் காட்டுக்குப் போகிறவன் பலி வைத்து, அந்த மரத்தில் குடியிருக்கும் பூத கணங்களை வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்ட பிறகே கோடரியை எடுக்க வேண்டும் என்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அன்றைக்கு மனுவை மரத்திடமே கொடுத்தார்கள். இன்றைக்குக் கலெக்டரிடம் கொடுக்கிறோம்.

இதுவரையில் சட்டத்தின் பக்கம் பேசியாயிற்று. இனி மனுக் கொடுக்கிறவன் பக்கம் போய் நிற்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்குச் சட்டத்தைவிட மனிதனைப் பார்ப்பதுதான் பழக்கம்.

ஒரு மலையாளிக் குடியானவனைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு ஏக்கர் காப்பி, கொஞ்சம் மிளகு, ஓட்டு வீடு. வீட்டை ஒட்டி ஒரு பெரிய பலா. அவன் பாட்டன் காலத்திலேயே அது பெரிய மரம். இப்போது ஒரு பக்கம் உளுத்து, வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. ஐப்பசி மழைக் காற்றில் இரவெல்லாம் அவன் மனைவி தூங்குவதில்லை. குழந்தைகளை இழுத்து மறு மூலையில் படுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மரத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் கூரைக்கு இரண்டு உத்தரமும் கிடைக்கும். அவன் என்ன செய்ய வேண்டும்? மனு எழுத வேண்டும். பட்டா நகல் வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் அது ஒரு தனிக்கதை. நிலத்தின் வரைபடம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். ரேஞ்சர் வந்து மரத்தைப் பார்க்க வேண்டும். சேலத்துக்குப் போக நேர்ந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். அதிகாரி அன்றைக்கு முகாமில் இருந்தால் இன்னொரு நாள் கூலியும் போகும்.

அதே மலையில் நூறு ஏக்கர் எஸ்டேட் வைத்திருப்பவருக்கும் இதே சட்டம்தான்; இதே மனுத்தான். ஆனால் அவருக்குக் கணக்குப்பிள்ளை இருக்கிறார், ஜீப் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். எழுத்திலே இருவருக்கும் ஒரே சட்டம். காலிலே ஒரே சட்டம் இல்லை. ஒருவர் நடக்க வேண்டிய தூரம் வேறு, இன்னொருவர் நடக்க வேண்டிய தூரம் வேறு.

இதுவும் பெரிய குறை அல்ல என்று வைத்துக்கொள்ளலாம். அதிகாரிகள் கருணையோடு விரைந்து செயல்பட்டால் தீர்ந்துவிடும். ஆனால் கருணையால் மட்டும் தீராத வேறொரு குறை இருக்கிறது. என்னை மிகவும் சங்கடப்படுத்துவது அதுதான்.

மனுக் கொடுக்க வேண்டியவன் யார் என்று பாருங்கள். தன் நிலத்தில் மரத்தை விட்டு வைத்திருப்பவன்! எப்போதோ எல்லாவற்றையும் வெட்டி விற்று, சரிவை மொட்டையடித்தவனுக்கு மனு ஏது, ரேஞ்சர் ஏது, இருபது வளைவு ஏது? அவன் நிலத்தில் பாதுகாக்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. ஆகவே அவன் சுதந்திர புருஷன். மூன்று தலைமுறையாகக் கோடரியை ஓங்காமல் இருந்தவனின் வாசலில்தான் சட்டம் வந்து நிற்கிறது. நல்லது செய்தவனுக்குச் சுமையும் கெட்டது செய்தவனுக்கு விடுதலையும் தருகிற ஏற்பாடு, எவ்வளவு உயர்ந்த நோக்கத்தோடு செய்யப்பட்டிருந்தாலும், மனிதர்கள் மனத்தில் ஒரு பாடத்தை எழுதிவிடும். "மரத்தை விட்டு வைக்காதே" என்பதே அந்தப் பாடம்.

இது வெறும் ஊகம் இல்லை. சந்தன மரத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் வெகு காலம் வரையில் சர்க்கார் சொத்தாகவே கருதப்பட்டது. நிலம் உன்னுடையது; அதில் முளைத்த சந்தனம் உன்னுடையது அல்ல. மரம் களவு போனால் மட்டும் போலீசுக்கும் வனத்துறைக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். இந்த நிலைமையில் வேலியோரம் சந்தனக் கன்று ஒன்று தலை காட்டினால், விவரம் தெரிந்த விவசாயி என்ன செய்வான்? யாரும் பார்ப்பதற்கு முன் இரண்டு விரலால் கிள்ளி எறிவான். சந்தனத்தைக் காக்க வந்த ஏற்பாடு சந்தனக் கன்றுக்கு யமனாயிற்று. 2002இல் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கு மரத்தில் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். 2008இல் பட்டா நிலத்துச் சந்தனத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தன்னுடையது என்று ஒருவன் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தால்தான் அவன் அதைக் காவல் காப்பான் என்ற பழைய உண்மையை, விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம்.

ஈட்டி மரத்தின் கதை வேறு மாதிரி. 1994இல் ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஆயுள் 15 ஆண்டு என்று விதித்துவிட்டார்கள். 2010இல் இன்னும் 15 ஆண்டு நீட்டினார்கள். ஓர் ஈட்டி முதிர்ந்து வைரம் பாய்வதற்கு மனிதனின் ஒரு தலைமுறை போதாது. மரத்தின் ஆயுளுக்குக் கால்வாசிகூட வராத ஆயுளை மரத்தைக் காக்கும் சட்டத்துக்குக் கொடுப்பது, மைனர் குழந்தைக்குப் பத்து வயது வரை மட்டுமே கார்டியன் வைப்பது போன்றதுதான்.

காப்பித் தோட்டங்களில் நடப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். நிழலில் வளரும் செடி ஆதலால், காட்டின் பெரிய மரங்களில் சிலவற்றை விட்டு வைத்துக் கீழே காப்பி நட்டார்கள். பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மலைத் தோட்டங்களில் எல்லாம் பரவிற்று. நேராக, சீக்கிரமாக வளரும், மிளகுக் கொடி ஏற வசதி, விற்றால் காசு. நட்டு வளர்த்த மரம் என்பதால் வெட்டும்போது எழும் கேள்விகளும் குறைவு. காட்டு நாவலையும் அத்தியையும் வைத்திருப்பவன் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதை வளர்க்கலாம் என்று தோட்டக்காரர் கணக்குப் பார்த்தால், பறவைக்குப் பழம் தரும் மரம் தோற்றுப்போவதில் ஆச்சரியம் என்ன?

நட்ட மரம், தானே முளைத்த மரம் என்ற இந்தப் பாகுபாடு உச்ச நீதிமன்றம் வரையில் போயிருக்கிறது. நீலகிரியில் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பர் 12ஆம் தேதி நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இந்தியாவின் காடுகள் அனைத்துக்கும் புதிய தலையெழுத்தாயிற்று. அதில் தமிழ்நாட்டுக்கென்று தனிப் பகுதி உண்டு. வனப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை விதித்த நீதிமன்றம், மனிதர் நட்டு வளர்த்த, தானாக முளைக்காத மரங்களுக்கு, அவை முன்பு காடாக இல்லாத இடங்களில் நின்றால், விலக்குக் கொடுத்தது. நட்டவனுக்கு உரிமை உண்டு. தானாக வந்ததில் அவ்வளவு உரிமை இல்லை. இங்கிலாந்துத் தத்துவ ஆசிரியர் ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டிலே சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: மனிதனின் உழைப்புக் கலந்த பொருள் அவனுடைய சொத்தாகிறது.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். நடுவது ஒன்றுதான் உழைப்பா? விட்டு வைப்பது உழைப்பில்லையா? வறுமை வந்த ஆண்டில், மகளுக்குக் கலியாணம் வைத்த ஆண்டில், காப்பி விலை விழுந்த ஆண்டில், மர வியாபாரி வாசலில் வந்து நின்று நோட்டை எண்ணிக் காட்டிய ஆண்டில், "வேண்டாம், அது நிற்கட்டும்" என்று சொன்னானே, அந்தச் சொல்லுக்கு எவ்வளவு வலிமை வேண்டியிருந்திருக்கும்! நடுவதற்குக் குனிந்தால் போதும். விட்டு வைப்பதற்கு ஒவ்வோர் ஆண்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த மரத்துக்கு அவன் விதை போடவில்லை என்பது உண்மை. ஆயினும் அந்த மரம் இன்று நிற்பதற்கு அவனும் அவன் தகப்பனும் பாட்டனும் காரணம். சட்டம் அவர்களுடைய கையின் உழைப்பைக் கணக்கில் எடுத்தது. மனத்தின் உழைப்பை எடுக்கவில்லை.

சமீப காலத்தில் மரத்துக்குப் பெரிய பெரிய தொகைகள் பேசப்படுகின்றன. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று, மரத்தின் மதிப்பு அதன் வயதை 74,500 ரூபாயால் பெருக்கினால் வரும் தொகை என்று 2021இல் கணக்குச் சொல்லிற்று. ஆக்ஸிஜனும் உரமும் பிறவும் அதில் அடக்கம். 2025 மார்ச்சில் இன்னொரு வழக்கில், தாஜ்மகாலைச் சூழ்ந்த பாதுகாப்புப் பகுதியில் 454 மரங்களை வெட்டியவருக்கு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் உறுதியாயிற்று. ஏராளமான மரங்களை வெட்டுவது மனிதரைக் கொல்வதைவிட மோசமானது என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஒப்புமையை ஏற்க முடியவில்லை. மரத்தை மனித உயிருக்கு மேலே தூக்கி வைத்தால் மரத்துக்குப் பெருமை சேராது. மனிதனுக்குத்தான் மதிப்புக் குறையும். அபராதம் மட்டும் பெரிதானால் பணக்காரன் அதை விலையாக நினைத்துக் கட்டிவிட்டுப் போவான். 74,500 ரூபாய்க் கணக்கில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்தத் தொகை மரம் விழும்போதுதான் பேசப்படுகிறது. மரம் நின்றுகொண்டிருந்த நாளில், ஆண்டுக்கு 74,500 வேண்டாம், 745 ரூபாயாவது அந்த நாகலூர்க் குடியானவன் கையில் கொடுத்து, "எங்களுக்காக இதைக் காத்து வருகிறாய், நன்றி" என்று யார் சொன்னார்கள்? நன்மையை நாம் எல்லோரும் இலவசமாக வாங்கிக்கொள்கிறோம். இழப்பை மட்டும் அவனிடம் வசூலிக்கிறோம்.

1972இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டபர் ஸ்டோன், மரங்களுக்கே நீதிமன்றத்தில் நிற்கும் உரிமை இருக்க வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ், தம் மாறுபட்ட தீர்ப்பில் அந்தக் கருத்தை ஆதரித்தார். நம்மவர்களுக்கு இது புதுமையாகப் படாது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும், புன்னை மரத்தைச் சகோதரியாக எண்ணி அதன் நிழலில் காதலனோடு பேச நாணிய நற்றிணைப் பெண்ணையும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். ஆனால் அதே சங்க காலத்தில்தான் பகை மன்னனின் காவல் மரத்தை வெட்டி வீழ்த்துவது வெற்றியின் அடையாளமாக இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மரத்தை உயிராக மதிக்கிறவனுக்குத்தான் அதை வெட்டினால் எதிரிக்கு எங்கே வலிக்கும் என்றும் தெரிகிறது. பக்தி மட்டும் மரத்தைக் காப்பாற்றிவிடும் என்பதற்கில்லை.

அனுமதிச் சீட்டு மட்டும் காப்பாற்றிவிடும் என்பதற்கும் இல்லை. இதே சேர்வராயன் மலையின் மேட்டுப் பகுதிகளில், 1960களில் எழுந்த மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகப் பல்லாண்டுகள் பாக்சைட் தோண்டினார்கள். குத்தகையும் உத்தரவும் பெற்றே செய்த காரியம் அது. அலுமினியம் நாட்டுக்குத் தேவையான பொருள்தான். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தனி மனிதனின் ஒரு பலா மரத்தை உத்தரவின் பேரால் நிறுத்தி வைக்க முடிகிறது; ஒரு மேட்டின் மேல் மண்ணையே உத்தரவின் பேரால் எடுத்துச் செல்லவும் முடிகிறது. கையில் உத்தரவு வந்தவுடன் மனிதனுக்குள்ளே ஏதோ ஒன்று கண்ணை மூடிக்கொள்கிறது. "சர்க்காரே சொல்லிவிட்டது, இனி நான் ஏன் யோசிக்க வேண்டும்?" பூத கணங்களிடம் அனுமதி கேட்ட பழைய தச்சனுக்கு இந்த வசதி இல்லை. பதில் வராத இடத்தில் கேட்டதனால், பதிலைத் தனக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது அவனுக்கு.

அப்படியானால் என்னதான் செய்வது? மரம் நிலத்துக்காரனுக்கா, சர்க்காருக்கா, பிறக்கப் போகிறவர்களுக்கா? மைனர் சொத்தின் உவமையையே கடைசி வரை பிடித்துக்கொண்டால் வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன். சொத்து குழந்தையுடையது, காப்பாற்றுகிறவன் கார்டியன், இருவருக்கும் நடுவில் கோர்ட்டு. மலை மரத்துக்கு வாரிசு வருங்காலம். கார்டியன் அந்த நிலத்துக் குடியானவன். கமிட்டி நடுவில் நிற்பது. கார்டியனை நாம் திருடனாகப் பார்ப்பதில்லை. அவன் செய்கிற பராமரிப்புச் செலவை ஒப்புக்கொள்கிறோம். அவசியம் என்று அவன் வந்து நின்றால் காது கொடுத்துக் கேட்கிறோம். அந்த மரியாதை மலையில் மரம் வைத்திருப்பவனுக்கும் உரியது.

அந்த மரியாதையைக் காரியத்தில் காட்டச் சில எளிய வழிகள் உண்டு. மரம் மனிதனிடம் நடந்து வராது. மனிதனும் மரத்தைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போக முடியாது. ஆகவே அதிகாரிதான் மரத்திடம் போக வேண்டும். ஒன்றிரண்டு மரத்துக்கு மனுக் கொடுத்தவனுக்கு, குறித்த நாட்களுக்குள், அவனுக்குப் புரியும் தமிழில், காரணத்தோடு பதில் கிடைக்க வேண்டும். வீட்டின் மேல் சாய்ந்த மரத்துக்கு மழைக்காலத்துக்கு முன்பே பதில் வர வேண்டும். விழுந்த பிறகு வரும் அனுமதி யாருக்கு? மரத்தை விட்டு வைத்தவனுக்கு, விட்டு வைத்ததற்காகவே ஏதாவது ஒரு பலன், வரியிலோ கடனிலோ நீரைக் குடிக்கும் ஊர்களின் கணக்கிலிருந்தோ, போய்ச் சேர வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு, அவசியமும் இல்லாமல், நன்மையும் இல்லாமல் வெட்டுகிறவனைத் தண்டிக்கச் சட்டத்துக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முன்னால் அந்த உரிமை அரை உரிமைதான்.

மனுக் கொடுக்கிறவனுக்கும் ஒரு கடமை மிஞ்சுகிறது. கமிட்டி கேட்கும் கேள்விகளை அதற்கு முன் அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அவசியமா? வெட்டாமல் கிளை கழித்தால் போதாதா? இந்த இடத்தில் எதை நடப்போகிறேன்? நம்மில் பலர் மலையில் வாழவில்லை. கமிட்டியும் நம் கொல்லைக்கு வராது. தெருவை அகலமாக்கப் புளிய மரங்களை வெட்டியபோதும், மனையைச் சுத்தம் செய்யத் தென்னையைச் சாய்த்தபோதும் நம்மை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் கேள்வி இல்லாமல் போய்விடுமா என்ன?

நாகலூர்க் குடியானவன் அனுமதிக்காக இருபது வளைவுகளையும் இறங்கி ஏறுகிறான். அந்த நடையைச் சர்க்கார் குறைக்கட்டும், குறைக்கத்தான் வேண்டும். அவ்வளவு தூரம் நடந்த பிறகும் மரம் நிற்கட்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். திருமணிமுத்தாற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் வரும்போது அவர்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்பதைக் கீழே இருக்கிற நாம் நினைத்துக்கொண்டால் நல்லது.